கடலடிப் படங்கள்: ராவா, ஜேபெக்கா?

கேள்வி: 15 மீட்டர் ஆழத்தில் எடுத்த ஜேபெக் படங்கள் முழுக்க நீலம். கணினியில் சிவப்பைக் கூட்டினால் படம் சிதைகிறது. ராவில் (சென்சார் பதிந்ததைக் கேமரா பதப்படுத்தாமல் வைக்கும் கோப்பு) எடுத்திருந்தால் தப்பியிருக்குமா?

பதில்: பெருமளவு தப்பியிருக்கும். சூரிய ஒளியில் தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். அந்த ஆழத்தில் மிகக் கொஞ்சமே மிஞ்சும். அதைப் பல மடங்கு பெருக்கினால்தான் பவளப் பாறையின் நிறம் மீளும். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள். 14 பிட் ரா கோப்பில் 16,384. ஜேபெக்கின் அடிமட்டப் படிகள் சிலவற்றுக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும் சிவப்பை இழுத்தால் பட்டைபட்டையாகப் பிரியத்தான் செய்யும். போதாக்குறைக்கு, கேமரா ஊகித்த ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறங்களைச் சமன்செய்யும் அமைப்பு) ஜேபெக்கில் படத்தோடு கலந்துவிடுகிறது. ராவில் அது வெறும் குறிப்பு, பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

ஆனாலும் ராவுக்கு மந்திரசக்தி கிடையாது. பிளாஷ் இல்லாமல் 30 மீட்டரில் எடுத்த படத்தில் சிவப்பைக் கூட்டிப் பாருங்கள், நாய்ஸ் எனும் புள்ளிப்புள்ளியான இரைச்சல்தான் சிவக்கும்.

கேள்வி: நான் பிளாஷ் போட்டு, மிக நெருக்கத்தில் சிறு உயிரினங்களை மட்டுமே எடுக்கிறேன். எனக்கும் ரா வேண்டுமா?

பதில்: நிறத்துக்காக அவ்வளவு தேவையில்லை, பிளாஷே சிவப்பைக் கொண்டுவந்துவிடுகிறது. வெள்ளிச் செதில் மின்னும் மீனை எடுத்தால் மட்டும் ராவுக்கு மாறுங்கள். லேசாக வெளிறிய செதில்களை அதில் ஓரளவு மீட்கலாம்.

கேள்வி: ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்துப் பதிவுசெய்தால் தொடர்ந்து எடுக்கும்போது கேமரா நின்றுவிடுகிறது. கார்டும் பாதியில் நிரம்புகிறது.

பதில்: ஜேபெக்கை நிறுத்துங்கள். பெரும்பாலான ரா கோப்புகளுக்குள் முன்னோட்டத்துக்கென ஒரு சிறு ஜேபெக் ஏற்கெனவே இருக்கிறது. தர இழப்பில்லாத சுருக்கம் கேமராவில் இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். நீருக்கடியில் உறையைத் திறந்து கார்டு மாற்ற வழியில்லை. எனவே பெரிய, வேகமான கார்டைப் போட்டு, பழைய படங்களைக் காலிசெய்துவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: என் கேமராவில் ரா வசதியே இல்லை.

பதில்: அப்படியானால் வேலை முழுவதையும் தண்ணீருக்குள்ளேயே முடித்தாக வேண்டும். ஒரு வெள்ளைப் பலகையைக் காட்டி ஒயிட் பேலன்ஸை அமையுங்கள். ஆழம் சில மீட்டர் மாறும்போதெல்லாம் மறுபடி அமையுங்கள். அலுப்பான வேலைதான். ஜேபெக் தரத்தை உச்சத்தில் வையுங்கள். திருத்தும்போது மூலத்தின் மேலேயே சேமிக்காதீர்கள். ஒவ்வொரு சேமிப்பும் கொஞ்சம் தரத்தை அரிக்கும்.

கேள்வி: ராவை எல்லாம் டிஃப் (தரம் குறையாமல் படத்தைச் சேமிக்கும் கோப்பு வகை) ஆக மாற்றிவிட்டு அழித்துவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். 24 மெகாபிக்சல் படம் சுருக்காத 16 பிட் டிஃப்பில் ஏறக்குறைய 144 எம்பி. மூல ராவைவிடப் பல மடங்கு பருமன். அதில் ஒயிட் பேலன்ஸும் உறைந்துவிடும். திருத்தி முடித்து அச்சுக்குப் போகும் படங்களுக்கு மட்டும் டிஃப் போதும்.

கேள்வி: பிளாஷ் வெளிச்சத்தில் படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். ரா உதவுமா?

பதில்: உதவாது. நீரில் மிதக்கும் துகள்கள் அவை. பிளாஷை லென்ஸிலிருந்து விலக்கிப் பக்கவாட்டில் வையுங்கள். பொருளை இன்னும் நெருங்குங்கள்.