ஃப்ரீ டிஷ்ஷில் ஓடிய மேட்ச் எங்கள் கேபிளில் ஏன் வரவில்லை?

கேள்வி: வணக்கம் சார். தங்கச்சிமடம் பக்கம் ஒரு மீனவக் கிராமம் எங்களுடையது. ஊர் இளைஞர் மன்றத்தில் பொறுப்பில் இருக்கிறேன். இந்தியா ஆடிய ஒருநாள் போட்டியன்று கேபிளில் தூர்தர்ஷனை வைத்தால் ஏதோ பழைய நிகழ்ச்சி ஓடுகிறது. இரண்டு வீடு தள்ளி டிடி ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவர் வீட்டில் அதே தூர்தர்ஷனில் மேட்ச் ஓடுகிறது. கேபிள்காரரிடம் கேட்டால் "சட்டம் அப்படி" என்கிறார். பையன்கள் கோபத்தில் அவர் வயரை அறுக்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். மாதாமாதம் பணம் வாங்குகிறாரே, அவர் மேல் வழக்குப் போட முடியுமா? அடுத்து, கோப்பை இறுதிப்போட்டியைக் கடற்கரையில் திரை கட்டி ஊருக்கே காட்ட நினைத்தோம். சேனலின் ஆள் என்று ஒருவர் வந்து, பணம் கட்டாவிட்டால் கேஸ் என்று மிரட்டிவிட்டுப் போனார். கடைசியாக ஒன்று: கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு எல்லோராலும் போக முடிவதில்லை. மேட்சைப் போலவே அதையும் இலவச டிவியில் காட்டச் சொல்லிச் சட்டம் இருக்கிறதா?

பதில்: தம்பி, முதலில் வயர் விஷயம். உங்கள் கேபிள்காரர் சொன்னது உண்மை. அவர் உங்களை ஏமாற்றவில்லை. அறுத்த வயருக்கு ஊர்ப் பணத்திலிருந்து ஈடு கொடுத்துவிட்டு அவரோடு சமாதானமாகிவிடுங்கள். அவர் போலீசுக்குப் போனால், பொருளைச் சேதப்படுத்தியதாகப் பையன்கள் மேல்தான் வழக்கு வரும்.

சரி, அவர் சொன்ன சட்டம் எது? 2007-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. விளையாட்டு ஒளிபரப்பு சிக்னலை, தூர்தர்ஷனையும் வானொலியையும் நடத்தும் பிரசார் பாரதி நிறுவனத்தோடு கட்டாயமாகப் பகிர வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அதற்கு முன்பு ஒவ்வொரு தொடருக்கும் நீதிமன்றத்தில் சண்டை. 2004-ல் இந்தியா பாகிஸ்தானுக்குப் போய் ஆடியபோது, தூர்தர்ஷனில் மேட்ச் வர உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2007 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் அணி இங்கே வந்து ஆடியபோதும் அதே தகராறு. பிப்ரவரியில் அவசரச் சட்டம் போட்டார்கள், பிறகு அதுவே முழுச் சட்டமானது.

அதன் 3-வது பிரிவு சொல்வது இதுதான். தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது என்று மத்திய அரசு அரசிதழில் அறிவித்த போட்டியை ஒரு தனியார் சேனல் கேபிளிலோ டிடிஎச்சிலோ நேரலையாகக் காட்டினால், அதே நேரத்தில் தன் விளம்பரங்கள் இல்லாத சிக்னலைப் பிரசார் பாரதிக்குக் கொடுத்தாக வேண்டும். தூர்தர்ஷன் தன் விளம்பரங்களைப் போட்டுக்கொள்ளலாம். அந்த வருமானத்தில் குறைந்தது 75 சதவீதம் உரிமை வாங்கியவருக்கு, மிச்சம் தூர்தர்ஷனுக்கு. வானொலி வர்ணனைக்கும் இதே கடமை உண்டு, அதில் ஆளுக்குப் பாதி. மீறினால் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

அறிவித்த பட்டியலில் எல்லா ஆட்டமும் இல்லை. ஆண்கள் கிரிக்கெட்டை எடுத்துக்கொண்டால், இந்திய அணி ஆடும் அதிகாரப்பூர்வ ஒருநாள், இருபது ஓவர் போட்டிகள் உண்டு. உலகக் கோப்பையின் அரையிறுதியும் இறுதியும் யார் ஆடினாலும் உண்டு. டெஸ்டில் மக்கள் ஆர்வம் அதிகம் என்று அரசு கருதுபவை மட்டும். ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, ஹாக்கி, கால்பந்து, டென்னிஸ் ஆகியவற்றிலும் சில ஆட்டங்கள் இருக்கின்றன. ஐபிஎல் இல்லை. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகுகள் கரையில் கிடக்கும்போது நம் ஊர்களில் அதிகம் பார்ப்பது ஐபிஎல்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதை இலவசமாகக் காட்டும்படி இந்தச் சட்டத்தை வைத்துக் கேட்க முடியாது.

நீங்கள் கேட்டது பட்டியலில் உள்ள மேட்ச். அது ஏன் கேபிளில் வரவில்லை? சட்டத்தில் உள்ள ஒரு சொற்றொடர்தான் காரணம். சிக்னலைப் பகிர்வது, பிரசார் பாரதி "தன்" தரைவழி ஒளிபரப்பிலும் "தன்" டிடிஎச்சிலும், அதாவது ஃப்ரீ டிஷ்ஷிலும், காட்டுவதற்காக என்று அதில் எழுதியிருக்கிறது. இன்னொரு பக்கம் 1995-ஆம் ஆண்டின் கேபிள் டிவி சட்டம், 8-வது பிரிவில், தூர்தர்ஷன் சேனல்களைக் கேபிள்காரர்கள் கட்டாயம் காட்ட வேண்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மேட்ச் தானாகவே கேபிளுக்கும் வந்துவிடும், பல வருடம் அப்படித்தான் வந்தது. இதை எதிர்த்து விளையாட்டுச் சேனல் தரப்பும் கிரிக்கெட் வாரியமும் நீதிமன்றம் போயின. பல கோடி கொடுத்து உரிமை வாங்கிய சேனலுக்கு அருகிலேயே, அதே கேபிளில், அதே மேட்ச் சும்மா ஓடினால் எங்களுக்கு யார் சந்தா கட்டுவார் என்பது அவர்கள் வாதம். 2015 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. ஒருவர் காசு கொடுத்து வாங்கிய உரிமையில் கைவைக்கிற சட்டம் இது, ஆகவே எழுதியதற்கு மேல் நீட்டிப் படிக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. அதனால்தான் மேட்ச் நேரத்தில் கேபிளுக்குப் போகும் தூர்தர்ஷனில் வேறு நிகழ்ச்சி ஓடுகிறது. உங்கள் கேபிள்காரர் ஃப்ரீ டிஷ் சிக்னலை இழுத்து லைனில் விட்டால் மாட்டிக்கொள்வது அவர்தான். அவரை அப்படிச் செய்யச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

தீர்ப்பு சட்டப்படி சரி என்றே நான் நினைக்கிறேன். மாற்ற வேண்டியது சட்டத்தின் வாசகத்தை. ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தூர்தர்ஷன் கோபுரத்தை நீங்கள் தினமும் பார்ப்பீர்கள். 2007-ல் தரைவழி ஒளிபரப்பு என்று எழுதியபோது அதற்குப் பொருள் இருந்தது. மொட்டை மாடியில் ஆன்டெனா கட்டியவர் எவரும் காசில்லாமல் படம் பார்க்கலாம். ஆனால் அந்தப் பழைய அனலாக் ஒளிபரப்பை 2022-க்குள் நாடு முழுக்கப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். சட்டம் திறந்துவைத்த இரண்டு வாசலில் ஒன்று ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. மிச்சம் இருப்பது ஃப்ரீ டிஷ் மட்டும். இன்று சாதாரணக் குடும்பங்கள் பார்ப்பது கேபிள், அவர்களுடைய பையன்கள் பார்ப்பது கைபேசி. இந்த இரண்டும் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. செயலியில் மட்டும் ஓடும் ஒரு போட்டிக்கு, டிவியில் ஒளிபரப்பே இல்லையென்றால், சிக்னலைப் பகிரும் கடமையும் எழாது. ஆஸ்திரேலியா இந்த ஓட்டையைக் கவனித்து 2024-ல் தன் சட்டத்தை இணைய ஒளிபரப்புக்கும் விரித்தது. நம் அரசும் 2018-ல் கேபிளைச் சேர்க்கும்படி ஒரு திருத்த வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. அது சட்டமாகவில்லை.

ஆக இப்போதைக்கு வழி, ஊர் மன்றத்துக்கு ஒரு ஃப்ரீ டிஷ் வாங்குவதுதான். டிஷ்ஷுக்கும் பாக்ஸுக்கும் ஒரு தடவை செலவு, மாதச் சந்தா கிடையாது. பழைய பாக்ஸ் வேண்டாம், எம்பெக் 4 வகையாகப் பார்த்து வாங்குங்கள். நம் கரையில் உப்புக்காற்றில் டிஷ்ஷின் போல்ட்டெல்லாம் ஒரே வருடத்தில் துருவேறிவிடும், கிரீஸ் தடவிக் கட்டச் சொல்லுங்கள்.

கேபிள்காரர் மேல் நுகர்வோர் வழக்கு நிற்குமா? தூர்தர்ஷனில் மேட்ச் வரவில்லை என்பதற்காக நிற்காது. நீங்கள் விளையாட்டு சேனலுக்கும் சேர்த்துப் பணம் கட்டி, அந்த சேனலே வராமல் போயிருந்தால் அது சேவைக் குறைபாடு, அதற்கு நிற்கும். அப்படியானால் ரசீதோடு முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் சொல்லுங்கள். தீராவிட்டால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் உள்ள புகாருக்குக் கட்டணம் இல்லை.

அப்புறம் திரை விஷயம். இதில்தான் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 37-வது பிரிவு, ஒளிபரப்பு நிறுவனத்துக்குத் தனி உரிமை தருகிறது. அனுமதி இல்லாமல் மறுஒளிபரப்பு செய்யக் கூடாது, பதிவு செய்து விற்கக் கூடாது. பொதுமக்களுக்குக் காட்டுவதைப் பற்றி அதில் உள்ள வாசகம், "கட்டணம் பெற்றுக்கொண்டு" காட்டுவது மீறல் என்பதுதான். மணலில் திரை கட்டி, வந்தவர் போனவர் எல்லோரும் சும்மா பார்த்தால் இந்தப் பிரிவு உங்கள் மேல் பாயாது. டிக்கெட் போட்டால் பாயும். நாற்காலிக்குப் பத்து ரூபாய் வாங்கினாலும் பாயும். அது 63-வது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை போகக்கூடிய குற்றம், விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தலைக்கட்டு வரியிலிருந்து புரொஜெக்டர் வாடகை கொடுத்தால் அது கட்டணமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஊர்ப் பொதுச் செலவுக்கு வழக்கமாக எடுக்கிற வரி அது. கட்டியவரும் கட்டாதவரும், வெளியூர்க்காரரும்கூட வந்து பார்க்கலாம் என்றால், அதைப் பார்ப்பதற்கான கட்டணமாகக் கருத முடியாது என்பது என் கருத்து. ஆனால் "மேட்ச் வரி" என்று தனியாக நோட்டுப் போட்டு வசூலிக்காதீர்கள். திரையைச் சுற்றிக் கடைக்காரர்களிடம் பணம் வாங்கி விளம்பரத் தட்டி கட்டாதீர்கள், அது வியாபாரம் என்று வாதிட இடம் கொடுக்கும்.

திரைக்கு ஃப்ரீ டிஷ் இணைப்பையே பயன்படுத்துங்கள். தனியார் டிடிஎச் சந்தாவையும் கைபேசிச் செயலியையும் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையோடுதான் கொடுக்கிறார்கள். அவற்றைத் திரையில் போட்டால் ஒப்பந்த மீறல் என்று சேனல் சொல்லலாம். டெலிகிராமில் சுற்றும் திருட்டு லிங்க்கைத் தொடவே வேண்டாம். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குறுக்கே நிற்கும். இருபது ஓவர் மேட்ச் பதினொன்று வரை இழுக்கும், ஆகவே பத்து மணிக்குமேல் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் ஓட விடுங்கள்.

மிரட்டிய ஆளுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். அடுத்த முறை வந்தால், எந்த நிறுவனம், அதிகாரம் அளித்த கடிதம் எங்கே என்று கேளுங்கள், அடையாள அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போக ஒரு தனியாருக்கு எந்த அதிகாரமும் இல்லை. பணம் கேட்டு மறுபடியும் மிரட்டினால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

கடைசிக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, பதில்தான் உங்களுக்குப் பிடிக்காது. 2007-ஆம் ஆண்டுச் சட்டம் விளையாட்டுக்கு மட்டும். திருவிழா, இசை, கலை எதற்கும் நம் நாட்டில் இப்படி ஒரு கட்டாயப் பட்டியல் கிடையாது. ஐரோப்பாவில் இருக்கிறது. ஆஸ்திரியாவின் பட்டியலில் வியன்னா இசைக்குழுவின் புத்தாண்டுக் கச்சேரி இருக்கிறது, இத்தாலியின் பட்டியலில் சான்ரெமோ பாட்டு விழா இருக்கிறது. பணம் கட்டிப் பார்க்கும் சேனல் அவற்றை மொத்தமாக வளைத்துப்போட்டுச் சொந்த மக்களுக்கே மறைக்க முடியாது. ஒரு நாடு தன் பண்பாட்டை அப்படி மதிப்பதைப் பார்க்கும்போது, ஏர்வாடி சந்தனக்கூடும் ராமேஸ்வரம் ஆடித் திருவிழாவும் ஏன் அப்படி ஒரு பட்டியலில் வரக் கூடாது என்று எனக்கும் தோன்றுகிறது.

கச்சத்தீவில் இன்னொரு சிக்கலும் உண்டு. விழா நடப்பது இலங்கை மண்ணில், அங்கே கேமரா வைக்க அந்த நாட்டின் சம்மதம் வேண்டும். ஆனால் கேட்பதற்கு உங்களுக்குச் சட்டப் பிடி ஒன்று இருக்கிறது. 1990-ஆம் ஆண்டின் பிரசார் பாரதி சட்டம், 12-வது பிரிவு, பல்வேறு வட்டாரங்களின் பண்பாட்டுக்கும் மொழிக்கும் போதிய இடம் தருவதை அந்த நிறுவனத்தின் கடமைகளில் ஒன்றாக எழுதியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு டிடி தமிழுக்கு ஊர்த் தீர்மானத்தோடு மனு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, மனு மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

கேபிளையும் செயலியையும் 3-வது பிரிவில் சேர்க்கும்படி தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குத் தனியாக ஒரு மனு எழுதுங்கள். 1995-ல் வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில், வான்வழி அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை அதில் மறக்காமல் குறிப்பிடுங்கள். பாம்பன், மண்டபம், தொண்டி, கீழக்கரை ஊர்களிலிருந்தும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கி அனுப்பினால் நல்லது. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல் போகட்டும், திருத்தத்தைச் சபையில் கேட்க வேண்டியவர் அவர்.

மிரட்டலுக்குப் பிறகு உண்மையாகவே வக்கீல் நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போடாதீர்கள், தேதி போட்ட உறையோடு வைத்திருங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் இலவசச் சட்ட உதவி எண்ணான 15100-க்குப் போன் செய்யுங்கள், அல்லது நோட்டீஸை எடுத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்கு நேரில் போங்கள்.