ஒன்பது பக்க வாசகி – கடிதம்

அன்புள்ள ஐயா,

கும்பகோணத்தில் வங்கி ஊழியராக இருக்கிறேன். வீட்டில் மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள். திருமணத்துக்கு முன் தடித்த நாவலையும் இரண்டே நாளில் முடித்துவிடுவேன். இப்போது எல்லோரும் உறங்கியபின் சமையலறை விளக்கில் ஒன்பது பக்கம் படிப்பதற்குள் கண் சொக்கிவிடுகிறது. மறுநாள் எடுத்தால் கதையில் யார் யாருக்கு என்ன உறவு என்பதே மறந்துபோகிறது. சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கிய ஏழு புத்தகங்கள் உறை பிரிக்காமல் பீரோ மேல் கிடக்கின்றன. “இவற்றை முடித்துவிட்டு அடுத்ததை வாங்கேன்” என்கிறார் கணவர். இனியும் நான் வாசகிதானா?

ம.

அன்புள்ள ம.,

கணவர் சொன்னதை முதலில் பார்த்துவிடுகிறேன். அரிசி தீர்ந்தபின் அரிசி வாங்குவதுபோல் புத்தகம் வாங்க முடியாது. என் வீட்டிலும் இதே வழக்கு முப்பது ஆண்டுகளாக நடக்கிறது, தீர்ப்பு வந்தபாடில்லை.

ஒன்பது பக்கம் குறைவென்று யார் சொன்னது? நம் வீடுகளில் நாவல் நுழைந்ததே தவணையில்தான். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்தது. அடுப்படியையும் தொழுவத்தையும் பார்த்துக்கொண்டு, வாரம் சில பக்கங்களாக அதை வாசித்த என் பாட்டி, தன்னை அரைகுறை வாசகி என்று நினைத்ததில்லை.

தொடரின் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு வைத்திருந்தார். கதைக்கு நடுவே சோப்பு விளம்பரமும் வரும். இதழ் வந்தால் முதல் உரிமை தாத்தாவுக்கு, பிறகு சித்தப்பாவுக்கு; பாட்டியின் கைக்கு வர மூன்றாம் நாள் ஆகிவிடும். அதற்குள் யாராவது கதையைச் சொல்லிவிட்டால் அன்று ரசத்தில் உப்பு இராது. மறதிக்கும் அவரிடம் மருந்து இருந்தது. படித்ததை மறுநாளே, அரிசி புடைத்தபடி, பக்கத்து வீட்டு மாமிக்குச் சொல்லிவிடுவார்.

நீங்கள் ஒளித்துப் படிப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மாலையில் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும் அதே மேசையில் பதினைந்து நிமிடம் புத்தகத்தோடு உட்காருங்கள். குக்கர் விசிலடித்தால் வேறு யாராவது எழுந்து போகட்டும். முதல் வாரம் போகமாட்டார்கள். பருப்பு குழைந்துவிடும், குழையட்டும். படித்த கதையை மாமியாரிடம் சொல்லுங்கள். யார் யாருக்கு என்ன உறவு என்பதை உங்களைவிட அவர் நன்றாக நினைவு வைத்துக்கொள்வார்.

பாட்டியின் தொகுப்பில் ஓர் அத்தியாயம் இல்லை. அந்த வார இதழை யாரோ ஊருக்கு எடுத்துப் போய்விட்டார்களாம். அந்த இடம் வந்ததும் பாட்டி வாயாலேயே சொல்லிவிடுவார். கல்லூரிக் காலத்தில் நூலகத்திலிருந்து எடுத்துப் படித்தபோதுதான், கல்கி எழுதியது வேறு என்று தெரிந்தது. பாட்டி சொன்னதில் ஒரு கல்யாணம் கூடுதலாக இருந்தது.