முதலில் ட்ரிம், பிறகு கடை: வீட்டு விமான சிமுலேட்டர் கேள்வி – பதில்

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டுவது பற்றி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவாக இருந்தவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கல்லூரியில் படித்தபோது, 2000-ஆம் ஆண்டு வாக்கில், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரே கதியாகக் கிடந்தவன் நான். வேலை, குடும்பம் என்று அது விட்டுப்போனது. இப்போது மறுபடி ஆசை வந்திருக்கிறது. பழைய சிடிக்களும் தனியாக வாங்கிய விமானங்களும் பத்திரமாக இருக்கின்றன, இவை உதவுமா? திறந்தவுடன் வந்து நிற்போமே, அந்த சிகாகோ ஏரிக்கரை ஓடுபாதை இன்னும் இருக்கிறதா?
– வாசகர், மதுரை

சிடிக்களை ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காலத்துப் பதிப்பு முதல் 2006-இல் வந்த எக்ஸ் பதிப்பு வரைக்கும் எல்லாமே 32-பிட் மென்பொருள். இன்றைய சிமுலேட்டர்கள் 64-பிட். அவற்றின் உள்ளமைப்பும் வேறு. அன்று வாங்கிய விமானங்கள் இவற்றில் ஒட்டாது. உங்கள் கையில் மிச்சமிருக்கும் பழக்கத்துக்கு மட்டும் இன்றும் மதிப்பு உண்டு.

அந்த ஓடுபாதையின் பெயர் மெய்க்ஸ் ஃபீல்ட். 2003 மார்ச் 30 அன்று இரவோடு இரவாக, நகர மேயரின் உத்தரவில், ஓடுபாதை நடுவே எக்ஸ் வடிவில் குழி பறித்துவிட்டார்கள். இப்போது அங்கே பூங்கா இருக்கிறது. ஆனால் 2022 நவம்பரில், தொடரின் 40-ஆம் ஆண்டுக்காக வந்த இலவச அப்டேட்டில், 2020 பதிப்புக்குள் மெய்க்ஸ் ஃபீல்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். முதல் டேக்-ஆஃபை அங்கிருந்தே செய்யலாம்.

இன்று முன்னணியில் இருப்பவை மைக்ரோசாஃப்டின் 2020, 2024 பதிப்புகளும் எக்ஸ்-பிளேன் 12-உம். மைக்ரோசாஃப்டில் நிலக்காட்சி இணையம் வழியாக வந்துகொண்டே இருக்கும். 2024 பதிப்புக்குக் குறைந்தது 10 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும், பரிந்துரை 50. மாதாந்திர டேட்டா வரம்புள்ள இணைப்பென்றால் இதை முதலில் யோசியுங்கள். எக்ஸ்-பிளேனில் நிலக்காட்சியை ஒரு தரம் டிஸ்க்கில் இறக்கிவிட்டால் போதும். இணையம் அறுந்தாலும் பறக்கலாம். சொந்த ஊரை மேலிருந்து அடையாளம் கண்டுபிடிக்கும் ஆசைக்கு மைக்ரோசாஃப்ட்தான்.

மதுரைக்காரர் என்பதால் ஒரு வழித்தடமும் சொல்லிவிடுகிறோம். மதுரை (விமான நிலையக் குறியீடு வி.ஓ.எம்.டி.) முதல் தூத்துக்குடி (வி.ஓ.டி.கே.) வரை, ஏறக்குறைய நேர் தெற்கு, சுமார் 67 கடல் மைல். செஸ்னா 172 என்ற சிறிய ஒற்றை எஞ்சின் விமானத்தில் 110 நாட் (மணிக்கு 110 கடல் மைல்) வேகத்தில் முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டுக் காம்பஸையும் கடிகாரத்தையும் மட்டும் நம்பிப் போங்கள். பத்து நிமிடத்தில் அருப்புக்கோட்டை கிட்டத்தட்ட உங்களுக்குக் கீழே, சற்றே இடப்பக்கம் வர வேண்டும். இருபத்திரண்டாம் நிமிட வாக்கில் எட்டயபுரம் வலப்பக்கம் தெரிய வேண்டும். வரவில்லையென்றால் காற்று உங்களைத் தள்ளியிருக்கிறது. கடைசியில் இடப்பக்கம் கடலும் உப்பளங்களும் தென்படும். இப்படி நான்கு தரம் போய் வந்தால் விட்டுப்போன கை தானாகத் திரும்பும்.

என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம்தான். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. கணினி வாங்கித்தான் தொடங்க வேண்டுமா?
– கல்லூரி மாணவி, திருச்சி

வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 2024 பதிப்பு குறைந்தது 16 ஜிபி ரேம் கேட்கும். அதை இப்போது மறந்துவிடுங்கள். ஃப்ளைட்கியர் முற்றிலும் இலவசம், கட்டற்ற மென்பொருள். காட்சித் தரத்தைக் குறைத்து வைத்தால் எளிய லேப்டாப்பிலும் ஓடும், அதன் செஸ்னா 172 நன்றாகவே செய்யப்பட்டிருக்கிறது. எக்ஸ்-பிளேன் 12-க்கு இலவச டெமோ இருக்கிறது. காசு கொடுக்கும் முன் உங்கள் மெஷினில் அதை ஓட்டிப் பாருங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகியே ஓட்டுங்கள். பேட்டரியில் ஓடும்போது ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நல்ல லேப்டாப்களிலும் காட்சி விக்கி விக்கி வருவதற்கு இது ஒரு காரணம்.

யோக் (ஸ்டீயரிங் போன்ற விமானப் பிடி) வாங்கலாமா, ஜாய்ஸ்டிக் வாங்கலாமா? பெடல் அவசியமா?
– வாசகர், ஈரோடு

தொடக்கத்துக்கு ஒரே ஒரு ஜாய்ஸ்டிக் போதும். தண்டை முறுக்கினால் ரட்டர் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகை) வேலை செய்ய வேண்டும், அடியில் ஒரு த்ராட்டில் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும்) நெம்புகோல் இருக்க வேண்டும். லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ இந்த வகைதான். ஆண்டுக்கணக்கில் உழைத்தபின் இதுபோன்றவற்றில் முறுக்கும் அச்சின் பொட்டென்ஷியோமீட்டர் (அசைவை அளக்கும் பாகம்) தேய்ந்து, கை அசையாமலே ரட்டர் நடுங்கும். அப்போது டெட் ஜோனை (சிறு அசைவைக் கண்டுகொள்ளாத நடுப்பகுதியை) கொஞ்சம் கூட்டிவிட்டால் சமாளிக்கலாம். த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம்-இல் தண்டின் முன்-பின், பக்கவாட்டு அசைவுகளுக்குக் காந்த உணரி இருப்பதால் அங்கே அந்தத் தேய்மானம் இல்லை; முறுக்கும் அச்சுக்கு இது பொருந்தாது.

யோக் வாங்குவதற்கு முன் மேசையின் விளிம்பைப் பாருங்கள். கிளாம்ப் பிடிக்கும் கனமா? அடியில் டிராயர் இடிக்குமா? பெடல் வாங்கினால் சக்கர நாற்காலி ஆகாது. ரட்டரை மிதித்த மாத்திரத்தில் நாற்காலி பின்னால் ஓடும். நான்கு கால் நாற்காலியில் உட்காருங்கள், இல்லையேல் நாற்காலிக் காலையும் பெடலையும் ஒரு கயிற்றால் பிணைத்துவிடுங்கள். மூன்று மாதம் ஜாய்ஸ்டிக்கில் பறந்த பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் அப்போது செலவழியுங்கள்.

நேராக, ஒரே உயரத்தில் பறக்கவே முடியவில்லை. மூக்கு ஏறுகிறது, அழுத்தினால் விழுகிறது, மறுபடி ஏறுகிறது. ஜாய்ஸ்டிக் பழுதா?
– வாசகர், சேலம்

பழுதில்லை. நீங்கள் ட்ரிம்மை (கையை எடுத்தாலும் மூக்கு அதே நிலையில் நிற்கும்படி சரிசெய்யும் அமைப்பை) தொடவே இல்லை என்று தெரிகிறது. இந்தப் பொழுதுபோக்கை ஒரே வாரத்தில் கைவிடுபவர்களில் பலரை விரட்டியது இந்த ஏற்ற இறக்கம்தான். அதனால் விரிவாகவே சொல்கிறோம்.

விமானம் ஒரு வேகத்துக்கு ட்ரிம் செய்யப்பட்டிருந்தால் அந்த வேகத்தைத் தானே தேடிப்போகும். வேகம் கூடினால் மூக்கைத் தூக்கும், குறைந்தால் தாழ்த்தும். நீங்கள் ஒவ்வொரு அசைவுக்கும் கையால் பதில் சொல்லப் போய், அதன் தள்ளாட்டத்தோடு உங்கள் தள்ளாட்டத்தையும் சேர்த்துவிடுகிறீர்கள்.

செஸ்னா 172-ஐ 2,000 அடிக்குக் கொண்டுபோங்கள். த்ராட்டிலை 2,300 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு எஞ்சின் சுழலும் எண்ணிக்கை) வைத்து, அடிவானத்துக்கும் எஞ்சின் மூடிக்கும் உள்ள இடைவெளி மாறாதபடி ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருங்கள். உயரமானியைப் பார்க்காதீர்கள், அது தாமதமாகத்தான் பேசும். அரை நிமிடம் பொறுத்தால் வேகம் ஓரிடத்தில் நிற்கும். அதன் பிறகே ட்ரிம். ஜாய்ஸ்டிக்கை முன்னால் தள்ளிப் பிடித்திருக்கிறீர்கள் என்றால் மூக்கு தாழும் பக்கம் ஒவ்வொரு தட்டாகக் கொடுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஜாய்ஸ்டிக்கை ஒரு நூலளவு நடுவுக்கு விடுங்கள்.

இங்கேதான் வீட்டு ஜாய்ஸ்டிக்குக்கும் நிஜ விமானத்துக்கும் வித்தியாசம். நிஜத்தில் ட்ரிம் செய்யச் செய்யக் கையில் உள்ள பாரம் குறைவது தெரியும். நம் ஸ்பிரிங்குக்கு அது தெரியாது. ஆகவே கையை நடுவுக்குக் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு. ஜாய்ஸ்டிக் நடுவில் நின்று, கையை எடுத்தாலும் மூக்கு அசையவில்லையென்றால் முடிந்தது.

இப்போது கையை எடுத்துவிட்டு த்ராட்டிலை மட்டும் 300 ஆர்பிஎம் குறையுங்கள். வேகம் குறையும் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். விமானமோ மெல்ல இறங்கத் தொடங்கும். சிறிது நேரம் அலைபோல ஏறி இறங்கி, ஏறக்குறைய பழைய வேகத்திலேயே இறக்கத்தில் நிலைக்கும். வேகத்தை ட்ரிம் பிடித்துக்கொள்கிறது, ஏறுவதையும் இறங்குவதையும் எஞ்சின் பார்த்துக்கொள்கிறது. இதைக் கண்ணால் பார்த்தவருக்குத் தரையிறக்கத்தில் பாதி வந்த மாதிரி.

ட்ரிம்முக்கு ஜாய்ஸ்டிக்கிலேயே இரண்டு பட்டன்களை ஒதுக்குங்கள். கீபோர்டைத் தேடிக்கொண்டிருந்தால் ஒருபோதும் பழகாது. மைக்ரோசாஃப்டில் சென்சிடிவிட்டி பக்கத்தில் ஏற்ற இறக்க அச்சுக்கும் சாய்வு அச்சுக்கும் மைனஸ் 30 முதல் மைனஸ் 50 சதவீதம் வரை வைத்தால் நடுவில் அசைவு மென்மையாகும்.

ஓடுபாதையில் விமானம் இடப்பக்கமே இழுக்கிறது. சில சமயம் நகரவே மறுக்கிறது.
– வாசகி, புதுச்சேரி

இடப்பக்க இழுப்பு ஓரளவுக்கு இயற்கை. ஒற்றை எஞ்சின் புரொப்பெல்லர் முழு வேகத்தில் சுழலும்போது அதன் முறுக்குவிசையும், வால் மேல் சுழன்று மோதும் காற்றும் மூக்கை இடப்பக்கம் திருப்பும். வலது ரட்டரைக் கொஞ்சம் கொடுங்கள், த்ராட்டிலை மூன்று விநாடி எடுத்து நிதானமாகத் தள்ளுங்கள்.

அளவுக்கு மீறி இழுத்தால் அமைப்பைச் சோதியுங்கள். புதிதாகப் பெடலைச் செருகியிருந்தால் ஜாய்ஸ்டிக்கின் முறுக்கு அச்சும் பெடலும் இரண்டுமே ரட்டருக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஒன்றை நீக்குங்கள். நகரவே இல்லையென்றால் பார்க்கிங் பிரேக்கைப் பாருங்கள். அது விட்டிருந்தும் நகரவில்லையென்றால் பெடலின் பிரேக் அச்சு தலைகீழாக இருக்கிறது: காலை எடுத்தால் முழு பிரேக், மிதித்தால் விடுதலை. அமைப்புப் பக்கத்தில் அந்த இரண்டு அச்சுகளையும் திருப்பிப்போட்டால் தீர்ந்தது.

இறங்கும்போது பந்துபோலத் துள்ளுகிறது. எத்தனை தரம் முயன்றாலும் அதே கதை.
– வாசகர், யாழ்ப்பாணம்

பெரும்பாலும் வேகம்தான் காரணம். செஸ்னா 172 முழு ஃப்ளாப்போடு (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் பலகையோடு) கடைசிக்கட்டத்தில் 65 நாட்டில் வர வேண்டும். நீங்கள் 75-இல் வந்தால் இறக்கைக்கு இன்னும் பறக்கத் தெம்பிருக்கிறது. சக்கரம் தொட்டதும் அது மறுபடி எழும். பதறி ஜாய்ஸ்டிக்கை முன்னால் தள்ளுவீர்கள், மூக்குச் சக்கரம் முதலில் மோதும். அடுத்த துள்ளல் அதைவிடப் பெரிது.

வரிசை இதுதான். ஓடுபாதைக்கு இணையாக 1,000 அடி உயரத்தில் 90 நாட். ஓடுபாதையின் முனை தோளுக்கு நேராக வரும்போது 1,500 ஆர்பிஎம், ஃப்ளாப் 10. முதல் திருப்பத்தில் 75 நாட், ஃப்ளாப் 20. கடைசித் திருப்பம் முடிந்து ஓடுபாதை நேரே தெரியும்போது ஃப்ளாப் 30, வேகம் 65. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ட்ரிம். 85 நாட்டுக்கு மேல் 10-ஐத் தாண்டி ஃப்ளாப் இறக்கக் கூடாது.

ஓடுபாதைத் தொடக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணின் மேல் கண்ணை வையுங்கள். அது கண்ணாடியில் மேலே ஏறினால் முன்னாலேயே விழப்போகிறீர்கள்; எஞ்சினைக் கூட்டுங்கள். கீழே நழுவினால் தாண்டிப்போகிறீர்கள். அசையாமல் பெரிதானால் சரியான பாதை. பக்கத்தில் நான்கு விளக்குகள் இருந்தால் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிய வேண்டும்.

சுமார் 15 அடியில் த்ராட்டிலை முழுக்க இழுத்துவிட்டு, பார்வையை ஓடுபாதையின் மறுகோடிக்குத் தூக்குங்கள். அருகில் பார்த்தால் உயரம் பிடிபடாது. விமானத்தை இறக்க முயலாதீர்கள். இறங்கவிடாமல் மெல்ல மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டே இருங்கள். அது தானே களைத்து உட்காரும். துள்ளிவிட்டால் சரிசெய்யப் பார்க்க வேண்டாம்: முழு த்ராட்டில், ஃப்ளாப் 20, 60 நாட்டில் மேலேறி இன்னொரு சுற்று.

திரைக்காட்சியின் ஜூமை ஒரு நிலையில் வைத்து அப்படியே விட்டுவிடுங்கள். தினம் மாற்றினால் ஓடுபாதை தினம் ஓர் அகலத்தில் தெரியும், கண் பழகாது. முதல் வாரம் காற்றே இல்லாமல் வையுங்கள். எக்ஸ்-பிளேனில் 3 கடல் மைல் தூரத்திலிருந்து நேராகத் தொடங்கும் வசதி உண்டு. ஒரு மணி நேரத்தில் இருபது தரையிறக்கம் செய்யலாம். நிஜ விமானத்தில் இது நடக்காது, வீட்டில் நடக்கும்.

பிளஸ் டூ படிக்கிறேன். பைலட் ஆக ஆசை. வீட்டில் பறந்த மணிகள் கணக்கில் சேருமா?
– மாணவர், கோவை

சேராது, தம்பி. இந்தியாவில் வணிக பைலட் உரிமத்துக்குக் கேட்கப்படும் 200 மணி நேரத்தில் வீட்டு சிமுலேட்டரின் ஒரு நிமிடம்கூடச் சேராது. ஆனால் கருவிகளைப் படிப்பது, செக்லிஸ்ட் ஒழுங்கு, ரேடியோ பேச்சு மூன்றையும் இங்கே பழகலாம். ரேடியோவுக்கு வாட்சிம் என்ற இலவச இணைய வலையமைப்பு இருக்கிறது. தன்னார்வலர்கள் விமானக் கட்டுப்பாட்டாளர்களாக இணையம் வழியாகப் பேசுவார்கள். முதல் சில நாள் காதால் மட்டும் கேளுங்கள்.

ஒரு கெட்ட பழக்கம் மட்டும் ஒட்டிக்கொள்ளாமல் பாருங்கள். திரையில் பறப்பவர்கள் கருவிகளையே வெறித்துக்கொண்டிருப்பார்கள். பகல் வெளிச்சப் பறப்பில் பார்வை பெரும்பாலும் வெளியேதான் இருக்க வேண்டும். வாரம் ஒரு தரம், முன்பலகையின் கருவிப் பகுதியை ஒரு அட்டையால் மறைத்துவிட்டு, அடிவானத்தையும் எஞ்சின் சத்தத்தையும் மட்டும் வைத்து ஒரு சுற்றுப் பறந்து இறங்குங்கள்.