பிஸ்மார்க்கை ‘ஜெர்மனியின் படேல்’ என்றால் என்ன?

அன்புள்ள ஐயா,

உங்கள் உலக வரலாற்றுக் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். ஒரே ஒரு குறை. நீங்கள் எதையும் எதனோடும் ஒப்பிடுவதே இல்லை. பிஸ்மார்க்கை ‘ஜெர்மனியின் படேல்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் என் மகளுக்குச் சட்டென்று புரிந்திருக்கும். தெரிந்ததைக் காட்டித்தானே தெரியாததைச் சொல்லிக்கொடுக்க முடியும்?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

தெரிந்ததிலிருந்துதான் தொடங்க முடியும், சரி. என் தயக்கமெல்லாம் அந்தச் ‘சட்டென்று’ மீதுதான். பிஸ்மார்க் 1864, 1866, 1870 என்று மூன்று போர்கள் நடத்தி ஜெர்மனியை ஒன்றாக்கினார். படேலுக்குப் பெரும்பாலான சமஸ்தானங்களில் பேச்சும் இணைப்புப் பத்திரமும் மன்னர் மானியமும் போதுமாக இருந்தன. ஹைதராபாத் போன்ற சில இடங்களுக்குத்தான் படை போனது. அந்த ஒரு வரியைப் படித்ததும் உங்கள் மகளுக்கு பிஸ்மார்க் புரிந்துவிடுவார், மூன்று போர்களும் காணாமல் போய்விடும்.

இதைவிட என்னை உறுத்துவது சூயஸ் கால்வாய் விவகாரத்தில் வந்த ஒப்புமை. 1956 ஜூலை 26 இரவு அலெக்சாந்திரியாவில் எகிப்து அதிபர் நாசர் பேசுகிறார். கால்வாயை வெட்டிய பிரெஞ்சுக்காரர் டி லெசெப்ஸின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அது சங்கேதச் சொல். வானொலியில் அந்தப் பெயர் காதில் விழுந்ததும் அவருடைய ஆட்கள் கால்வாய்க் கம்பெனியின் அலுவலகங்களுக்குள் நுழைந்தார்கள்.

லண்டனில் பிரதமர் ஆந்தனி ஈடன். நாசரைப் பார்த்தால் அவர் கண்ணுக்கு முசோலினியும் ஹிட்லரும்தான் தெரிந்தார்கள். பாசிச ஆட்சிகள் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று வானொலியிலேயே நாட்டு மக்களிடம் சொன்னார். அவரைச் சுலபமாகக் குறை சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. 1938-ல், முசோலினியிடம் அன்றைய பிரதமர் சேம்பர்லேன் காட்டிய இணக்கம் பொறுக்காமல் வெளியுறவு அமைச்சர் பதவியை விட்டவர் அவர். அதே ஆண்டு மியூனிக் ஒப்பந்தத்தில் பிரிட்டனும் பிரான்சும் செக்கோஸ்லோவாக்கியாவின் சுதேதன்லாந்துப் பகுதியை ஹிட்லருக்குத் தாரைவார்த்தன. ஆறு மாதம் ஆவதற்குள் ஜெர்மன் படை அந்நாட்டுத் தலைநகர் பிராகில் இருந்தது. ஈடனுடைய காயம் உண்மையானது.

ஆனால் நாசர் செய்தது என்ன? 1968-ல் எப்படியும் குத்தகை முடியவிருந்த கம்பெனியை, பங்குதாரர்களுக்கு இழப்பீடு தருகிறேன் என்று சொல்லி, தன் சொந்த மண்ணில் எடுத்துக்கொண்டார். கப்பல்களுக்கு வழிகாட்டும் வெளிநாட்டு பைலட்டுகள் செப்டம்பரில் கூண்டோடு கிளம்பிப் போன பிறகும் கால்வாயில் கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. அப்படியும் பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலோடு ரகசியமாகப் பேசிவைத்துக்கொண்டு தாக்கின. அமெரிக்கா நெருக்கியது, பவுண்டு ஆட்டம் கண்டது, நவம்பர் 6-ல் சண்டை நின்றது. ஜனவரியில் ஈடன் பதவியை விட்டார்.

எகிப்தியர்களுக்கும் மறக்க முடியாத ஓர் ஆண்டு இருந்தது: 1882. அந்த ஜூலையில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அதே அலெக்சாந்திரியா மீது குண்டு பொழிந்தன. எதிர்த்து நின்ற எகிப்தியப் படைத்தலைவர் உராபி பாஷா தோற்று, இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு, கொழும்பிலும் கண்டியிலும் 18 ஆண்டுகள் வாழ்ந்தார். (கொழும்பு ஸாஹிரா கல்லூரி உருவானதில் அவருக்கும் பங்கு உண்டு, இலங்கை வாசகர்களுக்கு இது தெரிந்திருக்கும்.) அன்று வந்த பிரிட்டிஷ் படையில் கடைசிச் சிப்பாய்கள் கிளம்பியது 1956 ஜூனில், நாசரின் அந்தப் பேச்சுக்கு ஆறே வாரம் முன்பு.

சூயஸை மியூனிக்கோடு மட்டும் ஒப்பிட்டு எழுதினால், ஈடன் செய்தது தவறு என்றே முடித்தாலும், அது ஈடனின் நினைவிலிருந்து எழுதிய வரலாறுதான். எகிப்தியர்கள் அதில் கைதட்டும் கூட்டமாக மட்டும் வந்துபோவார்கள். ஒப்புமையைக் கையில் எடுக்கும்போது இது யாருடைய ஞாபகம் என்று நான் தயங்குவது இதனால்தான்.

உங்கள் மகளுக்குப் படேலைச் சொல்லுங்கள், தப்பே இல்லை. அப்புறம் இருவரும் எந்த இடத்தில் பொருந்தவில்லை என்று அவளையே தேடச் சொல்லுங்கள். அந்த மூன்று போர்களும் அவளிடம் வந்து சேர்ந்துவிடும்.

சூயஸ் பற்றி விரிவாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அதை 1882 ஜூலையில், அலெக்சாந்திரியா துறைமுகத்தில் தொடங்கியிருக்கிறேன்.

அன்புடன்.