‘நம்பர் ஒன்’னை நம்பி 12,000 கொடுக்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, பேட்மேன் பைத்தியம். ராபின் வளர்ந்து உளவாளியாகப் போகும் கதையைப் பிறந்தநாளுக்கு வாங்கித் தரச் சொல்கிறான். இணையத்தில் ஒருவர், “டிக் கிரேசனின் முதல் இதழ், முத்திரை போட்ட பெட்டியில் இருக்கிறது, 2014 அசல் அச்சு, 12,000 ரூபாய், ஐந்து வருடத்தில் லட்சத்தைத் தொடும்” என்கிறார். வாங்கலாமா? முதல் இதழை வாங்கிவிட்டால் அவனுக்குக் கதை புரியுமா? (கோவையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: வாங்க வேண்டாம். வாங்கினாலும் கதை புரியாது.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களிடம் பேசிய ஆளுக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்காது, தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

உங்கள் மகன் கேட்பது ‘கிரேசன்’ என்ற காமிக்ஸ் தொடர். அமெரிக்காவின் டிசி நிறுவனம் 2014 ஜூலையிலிருந்து 2016 மே வரை 20 இதழ்களாக வெளியிட்டது. பெரும்பகுதியை டிம் சீலியும் டாம் கிங்கும் எழுதினார்கள், மிக்கேல் ஹனீன் வரைந்தார். டாம் கிங் எழுத வருவதற்கு முன் சிஐஏவில் பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவில் வேலை பார்த்தவர். அதனால் உளவாளியின் சலிப்பு, பொய் சொல்லிச் சொல்லிச் சேரும் களைப்பு எல்லாம் இதில் கொஞ்சம் நிஜமாகவே இருக்கும். பையன் நல்ல கதையைத்தான் கேட்டிருக்கிறான்.

ஆனால் அந்தக் கதை ‘கிரேசன்’ முதல் இதழில் தொடங்கவில்லை. ‘நைட்விங்’ என்ற வேறொரு தொடரின் கடைசி இதழில், அதாவது 30-ஆம் இதழில் தொடங்குகிறது.

எப்படி என்றால், டிக் கிரேசன்தான் முதல் ராபின், அதாவது பேட்மேனின் சின்னக் கூட்டாளி. சர்க்கஸில் பார் விளையாடும் குடும்பத்துப் பிள்ளை. பெற்றோர் கொலையானபின் பேட்மேன் வளர்க்கிறார். வளர்ந்து ராபின் உடையைக் கழற்றிவிட்டு நைட்விங் என்ற பெயரில் தனிக்கடை போடுகிறான். அப்புறம் ‘ஃபாரெவர் ஈவில்’ என்று ஏழு இதழ்க் கதை ஒன்று வந்தது. அதில் வேறோர் உலகத்திலிருந்து வந்த வில்லன் கூட்டம் அவனைப் பிடித்து, முகமூடியைக் கழற்றி, உலகம் முழுக்கப் பார்க்கும்படி அவன் பெயரைச் சொல்லிவிடுகிறது. கடைசியில் அவன் உடலோடு ஒரு வெடிகுண்டைப் பிணைத்துவிடுகிறார்கள். குண்டை நிறுத்த, சூப்பர்மேனின் எதிரியான லெக்ஸ் லூதர் அவன் இதயத்தையே நிறுத்துகிறான், பிறகு ஊசி போட்டு எழுப்புகிறான். ஊர் உலகத்துக்கு அவன் செத்தவன். உயிரோடு இருப்பது பேட்மேனுக்குத் தெரியும்.

‘நைட்விங்’ 30 இங்கேதான் வருகிறது. குகைக்குள் இருவரும் அடித்துக்கொள்கிறார்கள், வெறும் கையால். அடித்துக்கொண்டே பேட்மேன் கேட்கிறார்: நீ செத்தவனாகவே இரு. ஸ்பைரல் என்ற உளவு அமைப்பு, முகமூடி போட்டவர்களின் உண்மைப் பெயர்களைத் துருவிக்கொண்டிருக்கிறது. உள்ளே போய் எனக்குத் தகவல் கொடு. வளர்த்த ஆல்ஃப்ரெட்டுக்கும் சொல்லக்கூடாது, தம்பி மாதிரி இருக்கும் மற்ற ராபின்களுக்கும் சொல்லக்கூடாது. அந்த ஒரு சண்டைதான் இந்த முழுத்தொடருக்கும் அஸ்திவாரம்.

அதைப் படிக்காமல் ‘கிரேசன்’ முதல் இதழைத் திறந்தால் என்ன தெரியும்? ஓடும் ரயிலில் ஒருவன் இருக்கிறான். ‘ஏஜென்ட் 37’ என்கிறார்கள். யாரோ ‘மிஸ்டர் மலோன்’ என்பவருக்கு ரகசியமாகத் தகவல் சொல்கிறான். பேட்மேன் வழக்கமாகப் போடும் மாறுவேடத்தின் பெயர் அது என்று தெரிந்தவனுக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். தெரியாதவனுக்கு அது யாரோ ஒரு மலோன்.

ஒரு கதையின் முதல் அத்தியாயத்தை இன்னொரு புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் வைத்து, அதற்கு 30 என்று எண் போட்டு, சில வாரம் கழித்துப் புதிய பெயரில் ‘1’ என்று கடைக்கு அனுப்புவது எந்த ஊர் நியாயம் என்று கேட்காதீர்கள். அமெரிக்க காமிக்ஸ் கடைக்காரர்கள் வாங்கிய இதழைப் பெரும்பாலும் திருப்பி அனுப்ப முடியாது, விற்காவிட்டால் அவர்கள் தலையில்தான். அதனால் 30 என்ற எண்ணைப் பார்த்தால் யோசிப்பார்கள், 1 என்ற எண்ணைப் பார்த்தால் கூடுதலாகக் கேட்டு வாங்குவார்கள். பதிப்பாளருக்கு அது தெரியும். 2011-இல் எல்லாத் தொடர்களையும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். 2016-இல் மறுபடியும் ‘நைட்விங்’ ஒன்று. நாம்தான் எந்த ஒன்றுக்குப் பிறகு எந்த ஒன்று என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ‘ஒன்று’ மோகத்தில்தான் உங்கள் விற்பனையாளர் பிழைக்கிறார். “டிக் கிரேசனின் முதல் இதழ்” என்ற வாக்கியத்தை மறுபடி படித்துப் பாருங்கள். அந்தத் தலைப்பில் வந்த தொடரின் முதல் இதழ் என்ற பொருளில் அது பொய்யில்லை. ஆனால் கேட்பவர் காதில் அந்தப் பாத்திரம் முதன்முதலாகத் தோன்றிய இதழ் என்று விழும். சேகரிப்பவர்கள் விலை கொடுப்பது அந்த இரண்டாவது பொருளுக்குத்தான். ராபினாக டிக் கிரேசன் முதலில் தோன்றியது 1940 ஏப்ரல் தேதியிட்ட ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 38-ஆம் இதழில். நைட்விங்காக மாறியது 1984-இல், டீன் டைட்டன்ஸ் என்ற இளம் நாயகர் கூட்டத்தின் கதையில். ஸ்பைரல் அமைப்பைக்கூட இந்தத் தொடர் கண்டுபிடிக்கவில்லை. கிராண்ட் மாரிசன் என்ற எழுத்தாளர் சில வருடம் முன்பே பேட்மேன் கதைக்குள் அதைக் கொண்டுவந்துவிட்டார். ஆக, நீங்கள் வாங்கப்போகும் பெட்டிக்குள் டிக்கோ நைட்விங்கோ ஸ்பைரலோ முதன்முதலாகத் தோன்றவில்லை. 2.99 டாலர் விலை போட்டு, பல்லாயிரம் பிரதி அச்சடித்து, வாங்கிய பலரும் பாலிதீன் உறையில் பத்திரமாக எடுத்து வைத்திருக்கும் இதழ் அது. எல்லோரும் பத்திரமாக வைத்திருக்கும் பொருளுக்கு எங்கிருந்து லட்சம் வரும்?

“அப்படியானால் 1940 இதழையே தருகிறேன்” என்று அவர் அடுத்த வலையை வீசலாம். அந்த 38-ஆம் இதழுக்கு 2000-ஆம் ஆண்டு டிசியே மறுபதிப்பு போட்டது. அட்டைப்படம் அன்றையதுதான். புகைப்படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

“செப்டம்பர் 2014 இதழ், ஆனால் ஜூலையிலேயே எனக்கு வந்துவிட்டது, முன்கூட்டிய பிரதி” என்றும் சொல்வார்கள். எல்லோருக்கும் ஜூலையில்தான் வந்தது! ஜூலை 2-ஆம் தேதி கடைக்கு வந்த இதழ் அது. அமெரிக்க காமிக்ஸில் இதழின் மேல் போடும் மாதம், விற்பனைக்கு வரும் மாதத்தைவிடப் பெரும்பாலும் இரண்டு மாதம் தள்ளியே இருக்கும். அந்தக் காலத்துப் பெட்டிக்கடைக்காரர் பழசு என்று சீக்கிரம் எடுத்துவிடக்கூடாது என்பதற்காகத் தொடங்கிய பழக்கம், இன்னும் போகவில்லை.

அந்தப் பிளாஸ்டிக் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதற்கு ‘ஸ்லாப்’ என்று பெயர். இதழின் நிலையைப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, திறக்க முடியாதபடி அடைத்துத் தருவார்கள். மதிப்பெண், தாளின் கசங்கலுக்கும் மூலை மடிப்புக்கும் மட்டும்தான். அந்த இதழ் அரிதா இல்லையா என்பதற்கு இல்லை. மேலும் அதைப் படிக்க முடியாது. படிக்கத் திறந்தால் மதிப்பெண் போய்விடும். 14 வயதுப் பையனுக்குப் பிறந்தநாள் அன்று, கண்ணெதிரே வைத்துக்கொண்டு தொடக்கூட முடியாத ஒரு கதையைக் கொடுப்பீர்களா அம்மா?

பெட்டி வேண்டாம், ‘முழு செட்’ தருகிறேன் என்றாலும் எண்ணிப் பாருங்கள், அட்டைகளை அல்ல, எண்களை. அந்த வருடங்களில் டிசி ஒரே இதழுக்கு இரண்டு மூன்று அட்டை போட்டது, ஒவ்வொரு மாதமும் ஒரு ‘தீம்’ வைத்து. நானே ஒருமுறை வேறொரு தொடருக்கு “20 இதழ், முழு செட்” என்ற வார்த்தையை நம்பிப் பணம் அனுப்பினேன். வந்த பார்சலில் 20 இருந்தது உண்மைதான். பிரித்து அடுக்கினால் கதை 14 தான். மீதி ஆறும் ஏற்கெனவே இருந்த இதழ்களே, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தன. விற்றவரைக் கேட்டதற்கு, “அட்டை வேறு, இதழும் வேறு” என்றார். இதைவிட நேர்த்தியாக ஸ்பைரலில்கூடப் பொய் சொல்லமாட்டார்கள்.

சரி, என்ன வாங்குவது? பையன் படிக்கத்தானே கேட்கிறான், தொகுப்பு நூல்களாக வாங்குங்கள். ‘கிரேசன்’ ஐந்து தொகுப்புகளாக வந்திருக்கிறது. ஆனால் முதல் தொகுப்பான ‘ஏஜென்ட்ஸ் ஆஃப் ஸ்பைரல்’ புத்தகத்தில் ‘நைட்விங்’ 30 கிடையாது. அது ‘நைட்விங்’ ஐந்தாம் தொகுப்பான ‘செட்டிங் சன்’னின் கடைசியில் இருக்கிறது. அதைத் தனியாக வாங்கினால் அந்த ஒரு அத்தியாயத்துக்காக மற்ற ஐந்தாறு இதழ்களையும் சேர்த்து வாங்க வேண்டும். இல்லையென்றால் ‘கிரேசன்: தி சூப்பர்ஸ்பை ஆம்னிபஸ்’ என்று ஒற்றைப் புத்தகம் இருக்கிறது. நம்மூர் ராத்திரி வண்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள், மொத்தக் கதையையும் சேர்த்துக் கட்டிய தடிமனான புத்தகத்துக்கு அங்கே அந்தப் பெயர். அதில் ‘நைட்விங்’ 30 சேர்ந்தே வருகிறது. கனம் செங்கல் மாதிரி. படுத்துக்கொண்டு படித்தால் மூக்கு உடையும். கிண்டிலில் வாங்கினால் அந்த 30-ஆம் இதழை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளலாம். மிகக் குறைந்த செலவு அதுதான், ஆனால் பிறந்தநாளுக்குக் கையில் கொடுக்க ஒன்றும் இருக்காது.

பொதுவாக நான் எல்லோருக்கும் சொல்வது: வேறு தொடர்களில் நடக்கும் பெரிய கதைக்கு ஒட்டுப்போட வரும் இணைப்பு இதழ்களைத் தொடாதீர்கள். பத்துக்கு ஒன்பது காசு பிடுங்கும் வேலை. இந்தத் தொடரில் மட்டும் ஒன்று விதிவிலக்கு, அதைத் தவறவிடாதீர்கள். ‘ஃப்யூச்சர்ஸ் எண்ட்’ என்று 2014 செப்டம்பரில் டிசி எல்லாத் தொடருக்கும் ஒரு இணைப்பு போட்டது. ஐந்து வருடம் கழித்து என்ன ஆகும் என்ற கதை. மற்ற தொடர்களில் எப்படியோ, ‘கிரேசன்’ இணைப்பு தலைகீழாகச் சொல்லப்பட்டது. முதல் பக்கத்தில் முடிவு, அடுத்த பக்கத்தில் அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது என்று பின்னோக்கிப் போகும். பையன் முதல் தடவை படித்துவிட்டு ஒன்றும் புரியவில்லை என்பான். கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு ஒருமுறை திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். கதை நேராகும், ஆனால் சுவை போய்விடும். ஏன் போகிறது என்று அவனே யோசிக்கட்டும். பிறகு மூன்றாவது தடவை முன்னிருந்து படிப்பான், எனக்குத் தெரியும். இது முதல் தொகுப்பிலேயே இருக்கிறது, தனியாகத் தேடவேண்டாம். தனியாக விற்றால் அதற்கும் ஒரு பெட்டி போட்டிருப்பார்கள்.

வயதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். துப்பாக்கி உண்டு, சாவு உண்டு, டிக் கிரேசனின் உடற்கட்டை வைத்து அசட்டுக் கேலிகளும் நிறைய உண்டு. 14 வயதுக்குப் பரவாயில்லை. வீட்டில் அவனுக்கு எட்டு வயதுத் தங்கை இருந்தால், புத்தகம் மேல்தட்டில் இருக்கட்டும். ஐந்தாம் இதழில் ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாலைவனத்தில் நடந்தே போவார்கள். வேண்டுமானால் அதை நீங்களும் படித்துப் பாருங்கள். வில்லன், சண்டை என்று பெரிதாக எதுவும் தேவைப்படாமல் ஒரு காமிக்ஸ் எப்படி மனதைப் பிசையும் என்று தெரியும்.

கடையில் சிலர், “ராபின் உளவாளியா? அது இல்லை, இது அதே மாதிரிதான்” என்று மார்வெலின் ‘வின்டர் சோல்ஜர்’ புத்தகத்தை நீட்டுவார்கள். அது கேப்டன் அமெரிக்காவின் கூட்டாளி பக்கியின் கதை. நல்ல கதைதான், ஆனால் மூளைச்சலவை செய்யப்பட்டவன் பக்கி. டிக் தெரிந்தே பொய் சொல்கிறவன். 12-ஆம் இதழில் அவன் ஊர் திரும்பி, தன்னைச் செத்தவன் என்று நினைத்து அழுதவர்கள் முன்னால் ஒவ்வொருவராக நிற்கும்போது விழும் அடியும் அணைப்பும் பக்கி கதையில் கிடைக்காது.

அந்தப் பெட்டிக்காரர் நீங்கள் மௌனமாக இருந்தால் 10,000, பிறகு 8,000 என்று இறங்கி வருவார். பேரம் பேசாதீர்கள். “நைட்விங் 30 இருக்கிறதா?” என்று மட்டும் கேளுங்கள். இருந்து, பெட்டியில்லாமல், அட்டையில் போட்ட விலையை ஒட்டிக் கொடுத்தால் அதை வாங்கி, ஆம்னிபஸ்ஸுக்குப் பதிலாக ‘கிரேசன்’ ஐந்து தொகுப்புகளையும் வாங்கி, அதை முதலில் வைத்துக் கட்டிக் கொடுங்கள்.