வாசகர் கேள்வி: குளோரின் வாடை வருகிறது, கிருமி போகவில்லையே?

கேள்வி: தேவகோட்டையில் கல்யாண மண்டபமும் விடுதியும் நடத்துகிறோம். தினமும் 50,000 லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியோடு ஓடையில் விடுகிறோம். தொண்டிப் பக்கம் அது கடலில் சேர்கிறது. கடைசித் தொட்டியில் காலையும் மாலையும் ஒரு கேன் ஹைப்போ (குளோரின் மருந்துக் கரைசல்) ஊற்றுகிறோம். வாடை தூக்குகிறது, ஆனாலும் ஆய்வறிக்கையில் மலக்கோலிஃபார்ம் (மலத்திலிருந்து வரும் கிருமி) அதிகம். கூட்டி ஊற்றலாமா?

பதில்: கூட்ட வேண்டாம், ஊற்றும் முறையை மாற்றுங்கள். காலையில் கொட்டிய ஹைப்போ கொஞ்ச நேரத்தில் தண்ணீரோடு போய்விடும். அப்புறம் மாலை வரை வருவது மருந்தே படாத தண்ணீர். ஃபில்டர் மோட்டார் ஓடும்போது மட்டும் சேர்ந்து ஓடும்படி ஒரு டோசிங் பம்ப் (மருந்தைச் சிறுகச் சிறுக அளந்து விடும் பம்ப்) வையுங்கள். லிட்டருக்கு 8 மி.கி. குளோரினில் தொடங்கலாம். உங்கள் அளவுக்கு நாளைக்கு 400 கிராம், அதாவது 10 சதவீத ஹைப்போ 4 லிட்டர். கேன் வெயிலில் கிடந்தால் சில வாரங்களிலேயே வீரியம் பெருமளவு போய்விடும். நிழலில் வைத்து, பதினைந்து நாளுக்கு மட்டும் வாங்குங்கள்.

அந்த வாடை பெரும்பாலும் குளோரமீன். தண்ணீரில் அம்மோனியா மிச்சமிருந்தால் குளோரின் அதோடு கூடிவிடும்; பிறகு கிருமியை மெதுவாகத்தான் கொல்லும். 1 மி.கி. அம்மோனியா நைட்ரஜனைத் தீர்க்கவே 8 முதல் 10 மி.கி. குளோரின் செலவாகும். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். அதனால் முதலில் ப்ளோயரை (காற்றடிக்கும் இயந்திரத்தை) பாருங்கள்: காற்றுத் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மி.கி.க்குக் குறையக் கூடாது.

முகூர்த்த நாளில் மணிக்கு 7,500 லிட்டர் வரும் என்று வைத்தால், குளோரின் கலந்த தண்ணீர் 30 நிமிடம் நிற்க 3,750 லிட்டர் தொட்டி வேண்டும். உள்வழியும் வெளிவழியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் தண்ணீர் நேரே ஓடிவிடும். நடுவில் தடுப்புச் சுவர் கட்டி வளைத்து விடுங்கள். ஓடையில் இறங்கும் முன் மிச்சக் குளோரினை எடுத்தே ஆக வேண்டும். 1 மி.கி.க்குச் சுமார் 1.5 மி.கி. சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போதும். இதை விட்டால் மீன்குஞ்சு சாகும்.

இன்னொன்று: மாதிரி பாட்டிலில் தயோசல்ஃபேட் (குளோரினை முறிக்கும் உப்பு) இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஆய்வகம் போகும் வழியிலேயே குளோரின் கிருமியைக் கொன்று, அறிக்கை பொய்யாக நல்லதாக வரும்.

கேள்வி: குளோரினுக்குப் பதில் புற ஊதா விளக்கு போடலாமா? (காரைக்குடி)

பதில்: தண்ணீர் தெளிவாக இருந்தால் தாராளமாக. மிதக்கும் துகள் லிட்டருக்கு 10 மி.கி.க்குள் இருக்கட்டும், துகளுக்குள் ஒளிந்த கிருமிமேல் ஒளி படாது. இரும்புச் சத்துள்ள தண்ணீர் என்றால் விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் பழுப்பேறும். சிட்ரிக் அமிலக் கரைசலால் துடையுங்கள். விளக்கு நீலமாக எரிவதை நம்பாதீர்கள், 9,000 மணி நேரம் தாண்டினால் மாற்றத் தயாராகுங்கள்.

கேள்வி: பெருமழைக்கு மறுநாள் தேவிபட்டினத்தில் கடலில் குளிக்கலாமா?

பதில்: இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள். குளிக்கும் கடல் நீருக்கு நம் நாட்டு வரையறை 100 மி.லி.க்கு மலக்கோலிஃபார்ம் 100. மழை ஊர் அழுக்கையெல்லாம் அடித்து வரும். கலங்கிய நீரில் வெயில் இறங்காததால் கிருமியும் சீக்கிரம் சாகாது. திதி அன்றைக்கே என்றால் ஓடை முகத்தை விட்டுத் தள்ளி முழுகுங்கள், வாயில் தண்ணீர் போகாமல். ஆறாத புண் இருந்தால் இறங்கவே வேண்டாம்.