பழைய டெஸ்க்டாப்பில் புது கேம்: வாசகர் கேள்விகள்

என்னிடம் ஐ7 கம்ப்யூட்டர் இருக்கிறது. புது கேம்கள் ஓடுமா?

எந்த ஐ7? முதல் ஐ7 வந்தது 2008-ல். அதற்கப்புறம் ஏகப்பட்ட தலைமுறைகள் வந்துவிட்டன. ஐ7 என்பது குடும்பப் பெயர், எனக்கு ஆளின் பெயர் வேண்டும். ப்ராசஸரின் முழு எண், மதர்போர்டு மாடல், ரேம், கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) லேபிளில் எழுதியிருப்பது, இந்த ஐந்தும் இல்லாமல் வரும் கடிதத்துக்கு என்னால் ஜோசியம்தான் சொல்ல முடியும். முதல் நான்கை விண்டோஸிலேயே பார்த்துவிடலாம். எஸ்எம்பிஎஸ்ஸை எந்த சாஃப்ட்வேரும் காட்டாது. கேபினெட்டைத் திறந்து லேபிளைப் பாருங்கள்.

ஐ5-4570, 8 ஜிபி ரேம் (ஒரே ஸ்டிக்), ஹார்ட் டிஸ்க், தனி கார்டு கிடையாது. எதிலிருந்து தொடங்குவது?

இப்படி எழுதினால் பதில் சொல்ல எவ்வளவு சுலபமாக இருக்கிறது! முதலில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி. விநாடிக்கு வரும் ஃப்ரேம் (படம்) எண்ணிக்கை ஏறாது, ஆனால் லோடிங்கில் காத்துக் கிடப்பது தீரும். அப்புறம் இன்னொரு 8 ஜிபி ஸ்டிக். மொத்தம் 16 ஆகும், டூயல் சேனலும் (இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்வது) கிடைக்கும். உங்களுடையது டிடிஆர்3 என்ற பழைய வகை ரேம், ஆகவே பழையதாகவே வாங்குங்கள். அதற்குப் புது விலை கொடுக்காதீர்கள். கார்டு போட்ட பிறகும் கேம் திக்கித் திக்கி ஓடினால் உங்கள் ப்ராசஸரின் நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் பார்க்கும் வேலைகள்) போதவில்லை என்று அர்த்தம். அதே சாக்கெட்டில் உட்காரும் ஐ7-4770-க்கு எட்டு த்ரெட். அதையும் செகண்ட் ஹேண்டில் தேடுங்கள்.

பெரிய செலவு எதுவானாலும் அடுத்த கம்ப்யூட்டருக்குக் கழற்றி எடுத்துப் போகிற பொருளாக இருக்கட்டும்: எஸ்எஸ்டி, கார்டு, எஸ்எம்பிஎஸ்.

ஆபீஸில் கழித்த சின்ன கேபினெட் டெஸ்க்டாப். எஸ்எம்பிஎஸ் 240 வாட்ஸ்தான், மாற்றவும் முடியாது. ஏதாவது கார்டு போட வழி உண்டா?

உண்டு. தனி பவர் கேபிள் கேட்காத, லோ ப்ரொஃபைல் (உயரம் குறைந்த) கார்டு வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி மாடல் 70 வாட்ஸ்தான் இழுக்கும். கார்டு செருகும் ஸ்லாட்டே 75 வரை கொடுத்துவிடும். 8 ஜிபி 3050 என்று இன்னொன்று இருக்கிறது. பெயர் ஒன்று, ஆள் வேறு. அது ஏறக்குறைய 130 வாட்ஸ் கேட்கும், பவர் கேபிளும் வேண்டும். அவசரத்தில் அதை வாங்கிவிடாதீர்கள். ஆர்எக்ஸ் 6400-ம் உள்ளே அடங்கும்தான். ஆனால் அதற்கு நான்கே லேன் (தகவல் போகும் பாதை), பழைய பிசிஐஇ 3.0 ஸ்லாட் உள்ள போர்டில் வேகம் குறையும்.

கேபினெட்டோடு வந்த 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ். ஆர்எக்ஸ் 6600 வாங்கிவிட்டேன். கார்டுக்கு மின்சாரம் தரும் 8 பின் கேபிள் இல்லாததால் நண்பர் மோலெக்ஸ் (பழைய நான்கு பின் கனெக்டர்) கன்வர்ட்டர் ஒன்று கொடுத்தார். மாட்டலாமா?

கூடாது. நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடிதத்தோடு லேபிள் படம் அனுப்பியதற்கு நன்றி. பெட்டியில் 450 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. 12 வோல்ட் வரியைப் பாருங்கள்: 18 ஆம்பியர். 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட்ஸ். கார்டும் ப்ராசஸரும் தின்பது இந்த வரியிலிருந்துதான். கார்டு 130 சொச்சம், உங்கள் ப்ராசஸர் 84. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. ஃபேன், டிஸ்க், போர்டு எல்லாம் எதில் ஓடும்? மீதி வாட்ஸ் 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் கிடக்கிறது. அது கேமுக்கு உதவாது.

8 பின் இணைப்பு என்பது 150 வாட்ஸுக்கானது, அதாவது 12.5 ஆம்பியர். அதை மெல்லிய மோலெக்ஸ் கம்பி வழியே இழுத்தால் கனெக்டர் சூடாகி உருகும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த 8 பின் கேபிள் கூடவே வந்திருக்கும். அது இல்லை என்பதே, பெட்டி உங்களிடம் "என்னால் முடியாது" என்று சொல்வதுதான்.

நானும் ஒரு காலத்தில் கார்டுக்கு எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு, சல்லிசாக ஒரு எஸ்எம்பிஎஸ் மாட்டினேன். மூன்றாம் மாதம் ஒரு 'டப்'. அது தனியாகப் போகவில்லை, மதர்போர்டையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. மிச்சம் பிடித்ததைப் போல ஐந்து மடங்கு செலவு. அன்றிலிருந்து ஒரே பாட்டைப் பாடுகிறேன், யாரும் கேட்பதாக இல்லை.

இன்னும் இரண்டு விஷயம். '80 ப்ளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும், பாதுகாப்புக்குச் சான்றிதழ் அல்ல. அப்புறம், மாடுலர் (கேபிளைத் தனியாகக் கழற்ற முடிகிற) எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது பழைய கேபிளை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் செருகும் முனையின் பின்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பொருந்தும், மாட்டும், எரியும்.

புதுக் கார்டு போட்டும் வேகம் அதேதான். கார்டு பழுதா?

மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறது. கழற்றிக் கார்டில் செருகுங்கள்.

இன்டர்நெட்டில் ஒரு பாட்டில்நெக் கால்குலேட்டர் (எந்தப் பாகம் மற்றதை இழுத்துப் பிடிக்கிறது என்று சொல்வது) 37 சதவீதம் என்கிறது. பயப்பட வேண்டுமா?

அந்தப் பக்கத்தை மூடுங்கள். கேமில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். ஃப்ரேம் ஏறினால் கார்டு திணறுகிறது. ஏறாவிட்டால் ப்ராசஸர்.

பி350 போர்டு, ரைஸன் 5 1600. போர்டை மாற்றாமல் 5600 ப்ராசஸர் போடலாமா?

பெரும்பாலும் போடலாம். இந்தப் பட்டியலிலேயே அதிர்ஷ்டசாலி நீங்கள்தான், உங்கள் போர்டின் ஏஎம்4 சாக்கெட் அவ்வளவு காலம் உழைத்திருக்கிறது. போர்டு கம்பெனியின் ப்ராசஸர் பட்டியலில் 5600 இருக்கிறதா என்று பார்த்து, பழைய ப்ராசஸர் இருக்கும்போதே பயாஸை (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் செய்யுங்கள். கழற்றிய பிறகு நினைவு வந்து பிரயோஜனமில்லை. அப்டேட் நடுவில் கரண்ட் போகக் கூடாது.

ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி. சில புது கேம்கள் திறக்கவே மாட்டேன் என்கின்றன. எந்த செட்டிங்கைக் குறைப்பது?

எதைக் குறைத்தும் பலனில்லை. 2024-ல் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம், 2025-ன் டூம் போன்றவற்றுக்கு ரே ட்ரேசிங் (ஒளி, நிழலைக் கணக்கிடும் முறை) ஹார்டுவேர் கட்டாயம். உங்கள் கார்டில் அது கிடையாது. ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் அல்லது ஆர்எக்ஸ் 6600 அளவுக்காவது போக வேண்டும். மற்ற கேம்களுக்கு 1060 இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.

மூன்றாம் தலைமுறை ஐ5-ல் இன்டெல் ஆர்க் கார்டு? மலிவாகக் கிடைக்கிறது.

வேண்டாம். ஆர்க் கார்டுக்கு ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரே நேரத்தில் அணுக விடும் வசதி) வேண்டும், உங்கள் போர்டில் இல்லை.

செகண்ட் ஹேண்டில் 1050 டிஐ வாங்கினேன். விண்டோஸ் பெயரைச் சரியாகக் காட்டுகிறது, ஆனால் படு மந்தம்.

பழைய கார்டின் பயாஸில் பெயரை மாற்றி விற்கிறார்கள். விண்டோஸ் அந்தப் பெயரை அப்படியே நம்பிவிடும். ஜிபியூ-இசட் என்ற சாஃப்ட்வேரைப் போட்டுப் பாருங்கள், போலி என்றால் பெரும்பாலும் அதுவே எழுதிக் காட்டும். காட்டினால் இன்றைக்கே விற்றவரைப் பிடியுங்கள். நாளைக்கு அவர் போனை எடுக்க மாட்டார். அப்படியே உங்கள் எஸ்எம்பிஎஸ் லேபிளையும் பார்த்து எழுதுங்கள். முதலிலேயே நான் கேட்ட ஐந்தில் அது ஒன்றைத்தான் நீங்களும் விட்டிருக்கிறீர்கள்.